பழுப்புத் தாளில் மல் துணி: லெய்ட்டன் வழியில் ஒரு மடிப்புப் படம்

ஆங்கில ஓவியர் ஃபிரெடெரிக் லெய்ட்டன் 1895இல் தீட்டிய ‘ஃபிளேமிங் ஜூன்’ ஓவியத்தைப் பார்த்தவர்களுக்குத் தூங்கும் பெண்ணின் முகத்தைவிட அந்த ஆரஞ்சுத் துணிதான் முதலில் நினைவுக்கு வரும். பக்கத்துக்கு ஏறத்தாழ 120 செ.மீ. உள்ள சதுரக் கேன்வாஸ் அது. மடங்கிய தொடைமேல் இழுபட்டு, முழங்காலில் ஏறி இறங்கி, தரையில் சுருண்டு கிடக்கும் மெல்லிய துணி கேன்வாஸின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. ஓவியம் போர்ட்டோ ரிக்கோவின் போன்ஸே நகர அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது.

லெய்ட்டன் அந்த மாதிரித் துணியை நேராகக் கேன்வாஸில் தீட்டியவர் அல்ல. முதலில் கைக்குள் அடங்கும் குறிப்புப் படம். அடுத்து ஆடையில்லாத உருவம். பிறகு அதே நிலையில் துணி போர்த்திய உருவம். அதைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கிக் கேன்வாஸுக்கு மாற்றுவார். மூன்றாவதாகச் சொன்ன துணிப் படங்களைப் பழுப்பு அல்லது நீலத் தாளில் கறுப்புச் சாக், வெள்ளைச் சாக் இரண்டை மட்டும் வைத்து வரைந்தார். லண்டன் கென்சிங்டனில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அவருடைய வரைபடங்கள் அங்கே ஏராளமாக இருக்கின்றன.

இந்தப் பதிவு அந்த மூன்றாவது படிக்கானது. மடங்கிய முழங்காலின் மேல் கிடக்கும் மல் துணி, 40 × 50 செ.மீ. பழுப்புத் தாள், மூன்று அமர்வு, மொத்தம் எட்டு மணி நேரம். அதில் இரண்டரை மணி நேரம் துணியைப் போடுவதற்கே போயிற்று. அந்த நேரத்தைக் குறைத்தால் படம் கெடும். சரியாக விழாத துணியை எவ்வளவு கவனமாக வரைந்தாலும், கவனமாக வரைந்த தப்பான துணிதான் கிடைக்கும்.

துணி

எந்தத் துணி என்பதுதான் எந்த ஓவியர் என்பதையும் தீர்மானிக்கிறது. பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1845இல் முடித்த தோசோன்வில் சீமாட்டியின் படத்தில் உள்ள நீலப் பட்டு உடை பெரிய பரப்புகளாக விழுந்து, மடங்கும் இடத்தில் காகிதம் போலக் கோணமாக உடைகிறது. அதை மல் துணியில் பயிற்சி செய்ய முடியாது. பழைய காஞ்சிபுரம் பட்டுச் சேலை ஒன்று வேண்டும். அதிலும் சரிகைக் கரையைத் தவிர்த்து உடல் பகுதியை எடுக்க வேண்டும். கரை கனமானது, விறைப்பானது. தன் இஷ்டத்துக்குத்தான் நிற்கும். லெய்ட்டனுக்கும் அவர் காலத்து ஆங்கில ஓவியர் ஆல்பர்ட் மூருக்கும் நேர் எதிர்த் துணி தேவை: உடலோடு ஒட்டும், நூறு சிறு வரிகளாகச் சுருங்கும் மெல்லிய பருத்தி. பிரிட்டிஷ் அரசு 1816இல் வாங்கிய, ஏதென்ஸின் பார்த்தினன் கோயில் சிற்பங்கள் லண்டனில் கண்ணெதிரே இருந்தன. நனைந்தது போல உடலில் படிந்த அந்தக் கல் துணியைத்தான் அந்தத் தலைமுறை உயிருள்ள துணியில் தேடியது.

முதன்முதலாக வரைபவர்கள் காடா துணியில் தொடங்குவது நல்லது. தடிப்பானது, சில மடிப்புகள்தான் விழும், எல்லாம் உருண்டையாக இருக்கும். இங்கே எடுத்தது மல் துணி, இரண்டரை மீட்டர், 44 அங்குல அகலம். சாயம் போடாத வெள்ளை. பூப்போட்டது, கோடு போட்டது எதுவும் வேண்டாம். அச்சின் கறுப்பையும் நிழலின் கறுப்பையும் கண் பிரித்துப் பார்ப்பதற்குள் பாதி நேரம் போய்விடும்.

கடையில் வாங்கிய புதுத் துணியில் ஆலைக் கஞ்சி இருக்கும். அதோடு போட்டால் மடிப்பு மளிகைக் கடைப் பொட்டலம் மாதிரி நிற்கும். இரண்டு முறை சுடுநீரில் அலசி, பிறகு நம் கஞ்சி: வடிகஞ்சி ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. இது ரொம்ப நீர்த்தது. வேட்டிக்குப் போடும் கெட்டிக் கஞ்சி இங்கே ஆகாது. கஞ்சியே போடாமல் விட்டால் மல் துணி மணிக்கு மணி தொய்ந்துகொண்டே போகும். முதல் அமர்வில் வரைந்த வரி இரண்டாம் அமர்வில் இரண்டு விரல் கீழே இருக்கும்.

சுருக்க வரிகளுக்கு: கஞ்சியிலிருந்து எடுத்த துணியை நீளவாட்டில் சேலைக் கொசுவம் போல ஒரு விரல் அகலத்துக்கு அடுக்கி, இரண்டு முனையையும் ஆளுக்கொருவர் பிடித்துக் கயிறாக முறுக்கி, முடிச்சுப் போட்டு நிழலில் இரண்டு இரவு உலர்த்த வேண்டும். ஒரே இரவில் பிரித்தால் உள்ளே ஈரம் இருக்கும். பிரித்த ஒரு மணி நேரத்தில் வரி எல்லாம் கரைந்துவிடும். சரியாகக் காய்ந்த துணியைப் பிரிக்கும்போது நீளவாட்டில் மெல்லிய வரிகள் ஓடும். அந்த வரிகள்தான் தொடையின் வளைவைக் கண்ணுக்குச் சொல்லும் அளவுகோல்.

முழங்கால்

ஆள் ஒருவர் எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார மாட்டார். மூச்சு விட்டாலே மல் துணி நகரும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பட்டறைகளில் ஆளுயர மரப்பாவை வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான்: உடலை ஆளிடமும் துணியைப் பாவையிடமும் பார்த்துக்கொண்டார்கள். பாவைமேலேயே முழு நம்பிக்கை வைத்தவர்களின் படங்களில் மரக்கட்டைக்கு உடை மாட்டியது தெரிந்துவிடும். அதனால் அடியில் இருக்கும் வடிவத்தை ஒரு உண்மையான காலைப் பார்த்து முதலில் தனியாக வரைந்துகொள்ள வேண்டும். பதினைந்து நிமிடப் படம் போதும்.

காலுக்குப் பதில் கட்டியது இது. தொடைக்கு 4 அங்குலப் பிவிசி குழாய் 45 செ.மீ., கெண்டைக்காலுக்கு 3 அங்குலக் குழாய் 40 செ.மீ. கடையில் கிடைக்கும் எல்போ பொருத்தினால் 90 பாகை செங்கோணம்தான் வரும். உட்கார்ந்த காலுக்கு 70 பாகை வேண்டியிருந்தது. அதனால் இரண்டு குழாயின் முனையையும் சரிவாக அறுத்துக் கட்டுக்கம்பியால் பிணைத்தோம். மேலே பழைய போர்வைத் துண்டுகள்: இடுப்புப் பக்கம் சுற்றளவு 50 செ.மீ., முழங்காலுக்கு அருகே 38, கெண்டையில் 34, கணுக்காலில் 24. முழங்கால் சில்லுக்கு ஒரு கொட்டாங்கச்சி மூடி, டேப்பால் ஒட்டியது. இது வேடிக்கைக்காக இல்லை. முழங்கால் பஞ்சுருண்டை போல இருந்தால் துணி வழுக்கி இரண்டு பக்கமும் சமமாக விழும். எலும்பு போலக் கெட்டியாக, முன்பக்கம் சற்றுத் தட்டையாக இருந்தால்தான் துணி அங்கே பிடிபட்டு, அந்தப் புள்ளியிலிருந்து விசிறி போல விரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு டர்க்கி டவலை இறுக்கிச் சுற்றினோம். தோலுக்கு இருக்கும் பிடிப்பு பிளாஸ்டிக்குக்குக் கிடையாது. டவல் இல்லாத முதல் முயற்சியில் துணி மொத்தமாக வழுக்கித் தரைக்கு வந்தது. குழாய்க்குள் மூன்று கிலோ மணல் மூட்டை ஒன்றைச் செருகினால் அமைப்பு ஆடாது.

துணியைப் போடுதல்

மடிப்பைக் கையால் கிள்ளிக் கிள்ளி ஒழுங்கு செய்தால் அது ஜன்னல் திரை மாதிரி ஆகிவிடும். துணியைத் தூக்கி, உதறி, விட வேண்டும். விழுந்தது பிடிக்கவில்லை என்றால் மறுபடி தூக்க வேண்டும். ஏழாவது முறை விழுந்ததுதான் நின்றது. அதிலும் கை வைத்தது இரண்டே இடத்தில்.

துணியைப் பிடித்து நிறுத்தும் புள்ளிகள் மூன்று. ஒன்று இடுப்பு: அங்கே குண்டூசி நான்கு. இரண்டு முழங்கால்: ஊசி வேண்டாம், எடையே பிடிக்கும். மூன்று பாதத்துக்கு அடியில் செருகிய ஓரம். இந்த மூன்றுக்கும் நடுவில் துணி செய்வது எல்லாம் இந்த மூன்றின் விளைவு. இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே தொடையின் மேல்பக்கம் இழுபட்டு ஏறக்குறைய மடிப்பே இல்லாமல் கிடந்தது. அதற்குக் கீழே, அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிச்சத் துணி தொட்டில் போலத் தொய்ந்தது. முழங்காலிலிருந்து கீழே எதிலும் படாமல் தொங்கிய பகுதி குழாய் குழாயாக இறங்கியது. பாதத்தில் செருகிய பக்கம் இழுப்பும் தளர்வும் மோதி, முன்னும் பின்னுமாக ஒடிந்து நின்றது. நான்கு வகை மடிப்பு, ஒரே துணியில்.

இதற்கு மாறாக எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸின் ‘கோல்டன் ஸ்டேர்ஸ்’ (1880) ஓவியத்தைப் பாருங்கள். படிக்கட்டில் இறங்கும் பதினெட்டுப் பெண்கள், ஆடை தோளிலிருந்து கீழே தொங்குகிறது, எங்கு பார்த்தாலும் குழாய் மடிப்பு. தோள் ஒன்றே பிடி என்றால் அப்படித்தான் விழும். அது எளிது என்று சொல்லவில்லை; ஆனால் முழங்காலில் கற்றுக்கொள்ள வேண்டியது அதிகம்.

துணியின் இழையோட்டத்தையும் கவனிக்க வேண்டும். பாவு நூல், அதாவது நீளவாட்டில் ஓடும் நூல், நேராகத் தொங்கும் இடத்தில் மடிப்பு விறைப்பாக, இணையாக வரும். மூலைவாட்டில் தொங்கும் இடத்தில் துணி இளகி, உடலைத் தழுவும். எங்கள் அமைப்பில் முதல் ஆறு முறையும் பாவு நேராகவே விழுந்தது. ஏழாவது முறை துணியை 30 பாகை திருப்பிப் போட்டதும்தான் தொடையில் படிந்தது.

ஊசி குத்திய இடங்களில் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்து, கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இது பார்த்து வரைவதற்கு அல்ல. யாராவது இடித்துவிட்டால் திரும்பப் போடுவதற்கு. இன்னொன்று: மின்விசிறியை நிறுத்த வேண்டும். வியர்க்கும். வேறு வழியில்லை.

வெளிச்சம்

லெய்ட்டனின் பட்டறையில் வடக்கு நோக்கிய பெரிய சாளரம் இருந்தது. லண்டனில், 51 பாகைக்கும் மேலான வட அகலாங்கில், நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வராது. அதனால் வேலை நேரம் முழுவதும் ஒரே மாதிரி வானொளி கிடைக்கும். இதைப் படித்துவிட்டு நம் ஊரில் வடக்கு ஜன்னலைத் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சென்னை 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அந்த நான்கு மாதம் வடக்கு ஜன்னலில் வெயிலே அடிக்கலாம். அப்போது தெற்கு ஜன்னல்தான் மேல்.

இங்கே ஜன்னலை மூடிவிட்டு ஒரே விளக்கு: 9 வாட் எல்.இ.டி., முழங்காலிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, இடப்பக்கம், 45 பாகை உயரத்தில். அதைவிடக் கிட்டே வைத்தால் முழங்கால் பளிச்சென்றும் இடுப்பு இருட்டாகவும் ஆகி, துணியின் நிறமே இரண்டாகத் தெரியும். நேர் மேலே வைத்தால் குழாய் மடிப்புகளின் பக்கவாட்டு நிழல் குறைந்து, தட்டையாகிவிடும். தரையில் வெள்ளை டைல்ஸ் என்றால் கறுப்புப் போர்வை விரிக்க வேண்டும். டைல்ஸ் கீழிருந்து வெளிச்சத்தை நிழலுக்குள் அள்ளி வீசும். அதை உள்ளபடி வரைந்தால் துணி தகரக் குழாய் ஆகிவிடும். இந்தத் தவறு மிகப் பரவலானது. நிழலுக்குள் தெரியும் திருப்பொளி எவ்வளவு பிரகாசமாகத் தோன்றினாலும் அது நிழலின் பகுதிதான். வெளிச்சப் பக்கத்தின் மிக மங்கிய இடத்தைவிடவும் அது கறுப்பு.

தாளும் சாக்கும்

பார்சல் கட்டும் பழுப்புத் தாள் 120 கிராம் கனத்தில் போதும். ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. சொரசொரப்பில் வரைய வேண்டும். அடியில் நான்கு நாளிதழ்த் தாள் மெத்தை. பலகையின் கடினம் நேராகத் தாளுக்கு வந்தால் கோடு கீறலாக விழும். இந்தத் தாள் சில ஆண்டுகளில் நிறம் மாறி நொறுங்கத் தொடங்கும் என்பதால் வைத்திருக்க வேண்டிய படத்துக்கு 160 கிராம் அமிலமற்ற பழுப்பு பேஸ்டல் தாள். நிறத்தை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும்: தேங்காய் நார் நிறம் சரி, காப்பிப்பொடி நிறம் சரியில்லை. தாள் நிறம் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில், சற்றே வெள்ளைப் பக்கம் சாய்ந்து இருக்க வேண்டும்.

கறுப்புக்குக் கான்டே எனும் அழுத்திச் செய்த சாக்குக் குச்சி, 2பி. கரியைவிடக் கெட்டி, முனை நிற்கும். ஆனால் அழிப்பது கஷ்டம். அதனால் முதல் அமைப்புக் கோடுகள் மட்டும் மெல்லிய திராட்சைக்கொடிக் கரியில். வெள்ளைக்கு வெள்ளைக் கான்டே. பள்ளிக்கூடச் சாக்பீஸ் வேண்டாம்: அது தாளில் பிடிக்காது, தட்டினால் உதிரும். 220 நம்பர் உப்புத்தாள் ஒன்று முனை தீட்டுவதற்கு, குழை அழிப்பான் ஒன்று, தூக்குக்குண்டு ஒன்று. நூலில் கட்டிய நட்டு இருந்தாலும் போதும்.

முதல் கோடுகள்

அமைப்பின் நீளம் 95 செ.மீ.; தாளில் 38 செ.மீ., அதாவது ஐந்தில் இரண்டு. தூக்குக்குண்டை முழங்காலுக்கு நேராகப் பிடித்து, அதற்கு இடமும் வலமும் என்ன விழுகிறது என்று குறித்துக்கொள்வதுதான் முதல் வேலை. மூன்று பிடிப்புள்ளிகளையும் சிறு பெருக்கல் குறியால் தாளில் வைக்க வேண்டும். அடுத்து, ஆடையில்லாத காலின் வெளிக்கோடு. இது படத்தில் தெரியாமலே போகும். ஆனால் இது இல்லாவிட்டால் துணிக்குள் கால் இல்லை என்பது தெரிந்துவிடும்.

அதன்மேல் இழுப்புக் கோடுகள்: ஒரு பிடியிலிருந்து இன்னொரு பிடிக்கு, தோள்பட்டையிலிருந்து கையை வீசி, மொத்தம் பன்னிரண்டு கோட்டுக்கு மேல் போகாமல். மடிப்பு எத்தனை இருந்தாலும் இப்போது பன்னிரண்டுதான். இதுவரை 40 நிமிடம்.

இங்கேதான் முதல் தாள் கெட்டது. ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு ஓரக் கோடு போட்டுப் போனதில் எல்லாம் ஒரே தடிமன், ஒரே இடைவெளி. தட்டில் பிழிந்த இடியாப்பம். மடிப்புக்கு ஓரம் என்பது பெரும்பாலும் கிடையாது. அதற்கு ஒரு மேடு, ஒரு பள்ளம், வெளிச்சம் திரும்பும் ஒரு விளிம்பு. இரண்டாம் தாளில் கோடுகளை விட்டுவிட்டு நிழலின் வடிவத்தை மட்டும் வரைந்தோம். நிழல் ஒரு தீவு மாதிரி. அதன் கரையை வரைந்தால் மடிப்பு தானாக எழும்.

கரையிலும் இரண்டு வகை உண்டு. துணி உருண்டு திரும்பும் பக்கம் கரை மெத்தென்று கரையும். ஒரு மடிப்பு பக்கத்து மடிப்பின்மேல் போடும் நிழலின் கரை கத்தி வெட்டு. ஒரே நிழலின் இடக்கரை மெத்தென்றும் வலக்கரை வெட்டென்றும் இருக்கும். இரண்டையும் ஒரே மாதிரி வரைந்தால் எது மேடு எது பள்ளம் என்று புரியாது. லெய்ட்டனின் தாள்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் இந்த வித்தியாசத்தை அவர் எங்கேயும் விட்டுக்கொடுப்பதில்லை.

மடிப்பு எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். வெறுமனே மெலிந்து மறையும் மடிப்பு உண்டு; அது இழுப்புப் பகுதியில் வரும். ஒடியும் இடத்தில் மடிப்பு இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு சிறு முக்கோணக் குழியை விடும். அந்தக் குழிதான் மடிப்பின் கண். பாதத்தருகே ஒடிந்த மடிப்பில் மூன்று கண்கள் இருந்தன. அந்த மூன்றையும் சரியாக வைத்ததும் சுற்றியிருந்த குழப்பம் அடங்கியது.

இரண்டாம் அமர்வு: கறுப்பு மட்டும்

நிழல் தீவுகளுக்குள் குச்சியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து ஒரே சீரான சாயல். இந்தக் கட்டத்தில் நிழலுக்குள் ஏற்ற இறக்கம் எதுவும் வேண்டாம். தாளின் சொரசொரப்பு இடையில் தெரிய வேண்டும். அதுதான் நிழலுக்குக் காற்று. விரலால் தேய்க்கக் கூடாது. விரலின் எண்ணெய் தாளில் இறங்கிய இடத்தில் பிறகு வெள்ளை பிடிக்காது. அந்த இடம் வழவழப்பாகத் தனியாகத் தெரியும். சாயலை இறக்க வேண்டுமென்றால் குழை அழிப்பானை ஒற்றி எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது.

பிறகு கரைகளுக்கு அருகே இரண்டாம் சுற்று. மெத்தென்ற கரைக்கு மடிப்பின் குறுக்கே, உருளையைச் சுற்றுவது போல வளைந்த குறுங்கோடுகள். நீளவாட்டில் கோடு போட்டால் துணி ஓடும். குறுக்கே போட்டால் உருளும். இரண்டும் தேவைதான். ஆனால் தொடைமேல் குறுக்குக் கோடு அதிகமாக இருக்க வேண்டும். அங்கே சொல்ல வேண்டியது துணியை அல்ல, தொடையை. முறுக்கிக் காயவைத்த சுருக்க வரிகள் இங்கேதான் கைகொடுத்தன. வரி ஒவ்வொன்றும் தொடையின் வளைவைத் தானே சொல்லிக்கொண்டு போனது. அவற்றில் ஐந்தில் ஒன்றைத்தான் வரைந்தோம்.

ஆழ்ந்த கறுப்பு மொத்தம் ஆறு இடம்: மூன்று கண்கள், தொட்டில் மடிப்பின் அடி, முழங்காலுக்குக் கீழே துணி உள்வாங்கும் இடம், பாதத்தடியில் செருகிய ஓரம். துணி துணியோடு நெருங்கி வெளிச்சம் நுழையாத இடத்தில் மட்டுமே இந்தக் கறுப்பு. ஏழாவது இடம் தேடினால் படம் அழுக்காகும். முழு அமர்வும் மூன்று மணி நேரம்.

மூன்றாம் அமர்வு: வெள்ளை

வெள்ளைச் சாக்கைக் கையில் எடுத்ததும் எல்லாரும் செய்வது, கறுப்பு இல்லாத இடமெல்லாம் வெள்ளை பூசுவது. அப்படிப் பூசினால் பழுப்புத் தாளுக்கு வேலையே இல்லை; வெள்ளைத் தாளில் வரைந்திருக்கலாம். இந்த முறையின் சூட்சுமம் தாளின் நிறத்தை நடுச்சாயலாக விட்டுவைப்பது. கறுப்பும் வெள்ளையும் எங்கேயும் தொடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஒரு மில்லிமீட்டர் வெறும் தாள். தொட்டால் இரண்டும் கலந்து நீலம்பாய்ந்த சாம்பல் வரும். இளஞ்சூடான பழுப்புக்கு நடுவே அந்தச் சாம்பல், பூஞ்சை பிடித்தது மாதிரி இருக்கும். ஒருமுறை கலந்துவிட்டால் எடுக்க முடியாது. எங்கள் தாளில் தொட்டில் மடிப்பின் இடது மூலையில் அப்படி ஒரு சாம்பல் திட்டு இருக்கிறது. அழித்துப் பார்த்ததில் பெரிதானதுதான் மிச்சம்.

முதல் சுற்று வெள்ளை லேசானது: விளக்கை நேராகப் பார்க்கும் மேடுகளில், குச்சியைப் படுக்கவைத்து. இரண்டாம் சுற்று அழுத்தமானது: முழங்காலின் மேல்முனை, தொடைமேல் இழுபட்ட பரப்பில் இரண்டு கீற்று, தொங்கும் குழாய்களில் விளக்குக்கு அருகே இருக்கும் ஒன்று. எல்லாக் குழாய்க்கும் நடுவில் ஒரே மாதிரி வெள்ளைக் கோடு போட்டால் கைப்பிடிக் கம்பிகள் ஆகிவிடும். விளக்கிலிருந்து விலக விலக வெள்ளை மங்க வேண்டும். கடைசி இரண்டு குழாய்க்கு வெள்ளையே கிடையாது. முடிந்தபோது துணிப் பரப்பில் ஏறக்குறைய பாதி வெறும் தாளாகவே இருந்தது. அந்த விகிதத்துக்குக் குறைந்தால் எங்கேயோ அதிகமாகப் பூசியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லா இடத்தையும் ஒரே அளவுக்கு முடிக்க வேண்டியதில்லை. பழைய தாள்களில் முழங்காலும் தொடையும் முழுதாக முடிந்திருக்க, துணியின் வால் நான்கைந்து கோட்டோடு நின்றுவிடுவது சகஜம். சோம்பல் அல்ல அது. கேன்வாஸில் எது சிக்கலாக வருமோ அதைத்தான் தாளில் தீர்த்துக்கொண்டார்கள். சந்தேகமான இடத்தைத் தாளின் மூலையில் பெரிதாக்கி இன்னொரு முறை வரைந்து பார்ப்பதும் உண்டு. நாங்களும் பாதத்தருகே ஒடிந்த மடிப்பை வலது மேல்மூலையில் இரண்டு மடங்கு பெரிதாக மறுபடி வரைந்தோம். முதலில் வரைந்ததைவிட அதுதான் நன்றாக இருக்கிறது.

பாதுகாப்பதும் மாற்றுவதும்

சாக்கை நிறுத்தும் தெளிப்பான் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. தெளித்ததும் கறுப்பு சரியாக நிற்கும். வெள்ளை பாதி மறைந்துவிடும். வெள்ளைத் துகள்களுக்கு நடுவில் இருந்த காற்றின் இடத்தைப் பிசின் நிரப்பிவிடுவதால் ஒளி சிதறுவது குறைகிறது. அடியில் இருக்கும் தாளின் நிறம் மேலே வருகிறது. அதனால் இரண்டாம் அமர்வு முடிந்ததும், வெள்ளை தொடுமுன்பே, 30 செ.மீ. தூரத்திலிருந்து லேசாக இரண்டு முறை தெளித்து அரை மணி நேரம் காயவிட வேண்டும். வெள்ளை பூசிய பிறகு தெளிப்பதில்லை. மேலே மெழுகுத்தாளை வைத்து, அசையாமல் தட்டையாக வைப்பதோடு சரி. தலைமுடி ஸ்பிரே அடிப்பவர்கள் உண்டு. நாளடைவில் மஞ்சளாகும்.

கேன்வாஸுக்கு மாற்றுவதானால் கட்டத்தைப் படத்தின்மேல் போடாமல் ஒரு டிரேசிங் தாளில் 4 செ.மீ. கட்டமாகப் போட்டு மேலே வைக்கலாம். அமைப்பின் உண்மை அளவுக்கே போக வேண்டுமென்றால் கேன்வாஸில் 10 செ.மீ. கட்டம். முதலில் காலின் வெளிக்கோட்டையும் மூன்று பிடிப்புள்ளிகளையும் மாற்ற வேண்டும், அடுத்து மூன்று கண்களை, மற்றவை பிறகு.

துணியைக் கலைத்ததும் இஸ்திரி போட வேண்டாம். மறுபடி தண்ணீர் தெளித்து, அதே கொசுவத்தில் அடுக்கி, முறுக்கிக் கயிறாகவே காயவைத்து வைத்தால் அடுத்த படத்துக்குக் கஞ்சி போடும் வேலை மிச்சம். மழைக்காலத்தில் மட்டும் கரப்பான் பூச்சி கஞ்சித் துணியைத் தேடி வரும். மூடி போட்ட டப்பாவில் வைக்கவும்.